பெங்களூரிலிருந்து ஐரோப்பிய ஆய்வகத்துக்கு: போவதையும் திரும்புவதையும் ஒன்றாகத் திட்டமிடுவது எப்படி

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்திலோ, ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலோ, ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆராய்ச்சி மையத்திலோ முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டை எட்டிவிட்ட தமிழ் மாணவர்கள், ஐரோப்பாவைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் முதலில் ஒரு பேராசிரியரின் பெயரைத் தேடுகிறார்கள். அந்தப் பேராசிரியர் பெரும்பாலும் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ பிரான்ஸிலோ இருப்பார். அவருக்கு மின்னஞ்சல் போகும்; பதில் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். ஓர் ஆய்வாளர் எந்த நாட்டில் எத்தனை மாதம் இருந்தார், பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைக் கணக்கிட்டுத்தான் ஐரோப்பிய நல்கைகளின் கதவுகள் திறக்கின்றன, மூடுகின்றன. வெளிநாட்டிலிருந்து திரும்பி வருவோருக்கான இந்தியத் திட்டங்களும் அப்படியே. ஆகவே போகும் நாடு, அங்கிருந்து அடுத்து நகரக்கூடிய நாடு, திரும்பும் ஆண்டு ஆகிய மூன்றையும் முதல் மின்னஞ்சலுக்கு முன்பே ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம்.

ஐரோப்பா எதற்காகப் பணம் கொடுக்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் இப்போதைய ஆராய்ச்சித் திட்டமான ஹொரைஸன் யூரோப், 2021 முதல் 2027 வரையான காலத்துக்குச் சுமார் 9,550 கோடி யூரோவைக் கொண்டது. அதில் சுமார் 660 கோடி யூரோ, ஆய்வாளர்களின் இடப்பெயர்வுக்கும் பயிற்சிக்கும் என்றே 1996 முதல் நடந்துவரும் மேரி ஸ்க்லடோவ்ஸ்கா-கியூரி திட்டத்துக்குப் போகிறது. இந்தத் திட்டத்தில் விண்ணப்பதாரரின் குடியுரிமை பார்க்கப்படுவதில்லை. இந்திய நிறுவனங்கள் ஹொரைஸன் யூரோப் நிதியைத் தானாகப் பெறும் தகுதி உடையவை அல்ல. ஆனால் இந்தியக் குடிமகனான ஓர் ஆய்வாளர் ஐரோப்பிய நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை. இந்தியர்கள் இதில் முன்வரிசையில் இருந்து வருவதற்கும் அதுவே காரணம்.

இந்தப் பணத்துக்குப் பின்னால் ஐரோப்பாவின் சொந்தக் கவலை ஒன்று இருக்கிறது. ருமேனியாவிலும் கிரேக்கத்திலும் போலந்திலும் படித்த ஆய்வாளர்கள் மேற்கு நோக்கிப் போகிறார்கள். போன வேகத்தில் யாரும் திரும்புவதில்லை, மேற்கிலிருந்து வருவோரும் குறைவு. 2014 முதல் 2020 வரை நடந்த முந்தைய திட்டத்தில், 2004ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் ஒன்றியத்தில் சேர்ந்த 13 நாடுகளுக்குக் கிடைத்த பங்கு 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இதைச் சரிசெய்ய ஒதுக்கப்பட்ட நடவடிக்கைகள் நன்றாக வடிவமைக்கப்பட்டவைதாம், ஆனால் நீடித்த மாற்றம் அந்தந்த நாட்டு அரசுகளின் முயற்சியைப் பொறுத்தே அமையும் என்று ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2022இல் எழுதியது. இப்போதைய திட்டத்தில் இதற்கென 3.3 விழுக்காடு தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. பல்கேரியா, குரோயேஷியா, சைப்ரஸ், செக் குடியரசு, எஸ்தோனியா, கிரேக்கம், ஹங்கேரி, லாத்வியா, லிதுவேனியா, மால்ட்டா, போலந்து, போர்ச்சுகல், ருமேனியா, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா ஆகிய 15 உறுப்பு நாடுகளை விரிவாக்க நாடுகள் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். இந்தப் பட்டியலைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் தேவைப்படும். பிரஸ்ஸல்ஸ் போடும் இந்தக் கணக்கில் ஐரோப்பாவுக்குள் நடக்கும் போக்குவரத்து மட்டுமே சமநிலைக்கு வருகிறது. நம் ஊர் ஆய்வகத்திலிருந்து ஒருவர் போவதால் இங்கே என்ன குறைகிறது என்பதை யாரும் அங்கே கூட்டிப் பார்ப்பதில்லை; அந்தக் கணக்கைப் போகிறவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் நாட்காட்டி

மேரி கியூரி திட்டத்தில், முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வைத் தொடர்வோருக்கான முதுமுனைவர் நல்கைக்கு ஆண்டுக்கு ஒரு விண்ணப்ப அழைப்புதான். வழக்கமாக ஏப்ரல் வாக்கில் திறந்து செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் முடியும். 2024இல் செப்டம்பர் 11, 2025இல் செப்டம்பர் 10. கடைசி நாளன்று பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி, அதாவது நமக்கு இரவு 8.30, வரை ஏற்பார்கள். முடிவு அடுத்த பிப்ரவரியில் வரும். 2021 முதல் 2025 வரையான அழைப்புகளில் இருந்த தகுதி விதிகள் இவை: கடைசி நாளுக்குள் முனைவர் பட்ட ஆய்வேட்டை வெற்றிகரமாகப் பாதுகாத்திருக்க வேண்டும், பட்டத்துக்குப் பிந்தைய முழுநேர ஆய்வு அனுபவம் 8 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, ஆய்வுக்கு வெளியே வேலை செய்த காலமும் இடைவெளி எடுத்த காலமும் இந்த 8 ஆண்டுகளில் சேராது. நம் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வுக்கும் பட்டமளிப்பு விழாவுக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடும் என்பதால், வாய்மொழித் தேர்வு முடிந்த தேதியைக் காட்டும் கடிதத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் உடனே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விதிகள் அழைப்புக்கு அழைப்பு மாறக்கூடியவை. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விண்ணப்பதாரர் கையேட்டை முழுவதும் படிக்காமல், மூத்த மாணவர் சொன்னதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

பலரைக் கவிழ்க்கும் விதி இடப்பெயர்வு விதிதான். கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், நீங்கள் போக விரும்பும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ முதன்மையான பணியைச் செய்திருக்கவோ கூடாது. விடுமுறைக்குப் போன நாட்கள் கணக்கில் வராது. பெங்களூரிலேயே படித்து முடித்தவருக்கு இந்த விதியால் எந்த நாடும் மூடவில்லை. ஐரோப்பா முழுவதும் திறந்திருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. முனைவர் பட்டம் முடித்ததும் ஜெர்மனியில் ஒரு குறுகிய கால ஒப்பந்தம் கிடைக்கிறது. போய்ச் சேர்ந்து, ஓராண்டு கழிந்து, அதே பேராசிரியருடன் அதே ஊரில் தொடர மேரி கியூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கும்போது 14 மாதங்கள் ஆகியிருக்கும். ஜெர்மனி அவருக்கு மூடிவிட்டது. போர்ச்சுகலுக்கோ ஆஸ்திரியாவுக்கோ அவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. ஒரு நாட்டில்தான் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், அந்த நாட்டுக்கு முதலில் மேரி கியூரி வழியாகப் போங்கள். அல்லது குறுகிய ஒப்பந்தத்தை 12 மாதத்துக்குள் வரும் செப்டம்பரோடு பொருந்தும்படி தொடங்குங்கள். முனைவர் பட்டத்துக்கே ஐரோப்பா போகும் எண்ணத்தோடு முதுநிலை முடிக்கும் மாணவர்களுக்கும் மேரி கியூரி முனைவர் வலைப்பின்னல்களில் (பல நிறுவனங்கள் சேர்ந்து முனைவர் பட்டப் பயிற்சி தரும் கூட்டமைப்புகளில்) இதே இடப்பெயர்வு விதி உண்டு. அந்த இடங்கள் ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்ஸஸ் இணையதளத்தில் வேலை விளம்பரங்களாக வரும்.

திரும்பும் பக்கத்திலும் தேதிகள் உள்ளன. இந்திய அரசின் இன்ஸ்பயர் ஆசிரியர் நல்கைக்குப் பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 32. ராமானுஜன் நல்கைக்கு 40. அதோடு அது வெளிநாட்டில் பணியாற்றிக்கொண்டிருப்போருக்கே உரியது. திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பிக்க நினைத்தால் நேரம் கடந்துவிட்டிருக்கும். 29 வயதில் பட்டம் முடிக்கும் ஒருவர் இரண்டு ஐரோப்பிய ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டு வரும்போது எந்த வரம்புக்குள் இருப்பார் என்பதை இப்போதே கூட்டிப் பாருங்கள்.

எந்த நாட்டுக்குப் போவது

2024 அழைப்புக்கு 10,360 விண்ணப்பங்கள் வந்தன. 2025இல் அது 17,058 ஆக உயர்ந்தது. அந்த அழைப்பின் நிதி சுமார் 40.4 கோடி யூரோ. வரிசை எவ்வளவு நீண்டுவிட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 100க்கு 70 மதிப்பெண் பெற்றால் தகுதி என்று விதி சொன்னாலும், நிதி கிடைப்பவர்கள் பெரும்பாலும் 90ஐத் தாண்டியவர்களே.

இந்த இடத்தில்தான் விரிவாக்க நாடுகளின் பட்டியல் உதவுகிறது. அந்த நாடுகளில் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து மேரி கியூரிக்கு விண்ணப்பிப்பவர், விரிவாக்க நாடுகளுக்கென்றே உள்ள ஈ.ஆர்.ஏ. நல்கைக்கும் தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி அதே படிவத்தில் ஒப்புதல் தரலாம். தனி விண்ணப்பம் எழுத வேண்டாம், தனி மதிப்பீடும் கிடையாது. மேரி கியூரி நிதி தீர்ந்துபோய் நழுவிய விண்ணப்பங்கள் 70ஐத் தாண்டியிருந்தால், தரவரிசைப்படி இந்த இரண்டாவது பணப்பையிலிருந்து நிதி பெறும். ஒரே உழைப்புக்கு இரண்டு வாய்ப்பு. இதற்கு மேல் 85 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்று நிதி பெறாதவர்களுக்குத் தரச் சான்று ஒன்றை ஐரோப்பிய ஆணையம் தருகிறது. செக் குடியரசு போன்ற சில நாடுகள் அந்தச் சான்றைப் பார்த்துத் தங்கள் நிதியிலிருந்து ஆதரிக்கின்றன.

வரிசை குறுகியது என்பதற்காக மட்டும் ஒரு நாட்டுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆய்வு ஒட்டாத இடத்தில் இரண்டு ஆண்டு இருப்பது யாருக்கும் பயன்படாது. ஆனால் ஒட்டும் இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் கழகத்தில் சூரியனை ஆய்வு செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்தக் கழகத்தின் கொடைக்கானல் ஆய்வுக்கூடம் 1899இல் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் அங்கே ஒளிப்படத் தகடுகளாக இருந்து, இப்போது எண்ம வடிவத்துக்கு மாறியிருக்கின்றன. போர்ச்சுகலின் கொய்ம்ப்ரா பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் 1926 முதல் அதே வகையான படங்களை எடுத்து வந்திருக்கிறது. இரண்டு தொகுப்புகளையும் ஒன்றுக்கொன்று அளவொப்பிட்டு, ஓர் இடத்தில் மேகம் மூடிய நாட்களை மற்றொன்றால் நிரப்பும் ஆய்வுத்திட்டத்தை எழுதினால், விண்ணப்பதாரர் கையேந்திப் போகிறவராக இருக்க மாட்டார். நூறாண்டுத் தரவோடு வரும் கூட்டாளியாக இருப்பார். ஜெர்மனியின் பெரிய நிறுவனம் ஒன்றில் பத்தில் ஒருவராக நிற்பதைவிட இது வலுவான விண்ணப்பம் என்பது என் கணிப்பு.

இப்படிப் பொருந்தும் இடங்களை உங்கள் துறையில் தேடுங்கள். மீவலுச் சீரொளி (லேசர்) ஆய்வுக்கு செக் குடியரசின் டோல்னி பிர்ஷெஷானியிலும் ருமேனியாவின் மகுரேலேயிலும் ஈ.எல்.ஐ. மையங்கள் இருக்கின்றன. நரம்பறிவியலுக்கு லிஸ்பனின் ஷாம்ப்பலிமோ மையம். நானோ தொழில்நுட்பத்துக்கு போர்ச்சுகலின் பிராகா (Braga) நகரில் உள்ள ஐபீரிய நானோ ஆய்வகம். மரபணுவியலுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மாதிரிகளைக் கொண்ட எஸ்தோனிய உயிர்வங்கியை நடத்தும் தார்த்து பல்கலைக்கழகம். கட்டமைப்பு உயிரியலுக்கு செக் குடியரசின் பிர்னோவில் உள்ள சைடெக் ஆய்வு மையம். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் உள்ள யோஷெஃப் ஸ்தெஃபான் கழகம். கிரேக்கத்தின் கிரீட் தீவில், ஹெராக்லியோனில் இருக்கும் ஃபோர்த் ஆராய்ச்சி அறக்கட்டளை.

இரண்டு எச்சரிக்கைகள். ஹங்கேரியில் பொதுநல அறக்கட்டளைகள் நடத்தும் பல்கலைக்கழகங்களுடன் புதிய நிதி ஒப்பந்தம் செய்ய 2022 டிசம்பரில் ஐரோப்பிய அமைச்சரவை தடை விதித்தது. அந்நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் இதில் அடங்கும். அங்கே விண்ணப்பிக்கும் முன், நிறுவனத்தின் நிதித் தகுதி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மற்றொன்று, நல்கைக் காலம் முடிந்ததும் வரும் சம்பளம். மேரி கியூரித் தொகை ஐரோப்பிய அளவுகோலில் கணக்கிடப்படுவது. அது தீர்ந்து உள்நாட்டு ஒப்பந்தத்துக்கு மாறும்போது, பல விரிவாக்க நாடுகளில் சம்பளம் சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்துக்கு முன் அடுத்த நகர்வு தயாராக இருக்க வேண்டும் என்பதாலும்தான் மூன்று நகர்வுகளை ஒன்றாக எழுதச் சொன்னேன்.

பிரிட்டன் 2024 ஜனவரி முதலும், சுவிட்சர்லாந்து 2025 ஜனவரியிலிருந்து கணக்கிடப்பட்டும் ஹொரைஸன் யூரோப்பில் இணைந்திருக்கின்றன. ஆனால் கீழே சொல்லப்படும் ஒன்றியக் குடியேற்ற விதிகள் இந்த இரண்டு நாடுகளுக்கும் பொருந்தாது.

மேரி கியூரி மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் அலெக்ஸாண்டர் ஃபோன் ஹும்போல்ட் அறக்கட்டளைக்குக் கடைசித் தேதி கிடையாது. ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். உயிரியல் துறையினருக்கு ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் நல்கைகள் உண்டு. இந்தியா 2016 முதல் அதன் இணை உறுப்பு நாடு. துகள் இயற்பியலில் இருப்பவர்களுக்கு, 2017 முதல் இந்தியா இணை உறுப்பினராக இருக்கும் செர்ன் ஆய்வகம்.

விண்ணப்பம் எழுதும் முறை

மேரி கியூரி விண்ணப்பத்தை அனுப்புவது நீங்கள் அல்ல. உங்களை ஏற்கும் நிறுவனமும் அங்குள்ள நெறியாளரும் ஐரோப்பிய நிதித் தளத்தில் அதைத் தொடங்கி உங்களைச் சேர்ப்பார்கள். ஆகவே நெறியாளரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியும் நகராது. ஜனவரியிலேயே எழுதத் தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்கள் இளவேனில் மாதங்களில் விருப்பம் தெரிவிக்கும் அழைப்பை வெளியிட்டு, தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பயிற்சியும் தருகின்றன. ஜூலை இறுதிக்குள் முழு வரைவு தயாராக வேண்டும். ஆகஸ்டில் ஐரோப்பாவின் பாதி ஆய்வகங்கள் விடுமுறையில் போய்விடும். நெறியாளர் கடற்கரையில் இருப்பார், நல்கை அலுவலகத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. நம் ஊரில் கடைசி வாரத்தில் இரவு பகலாக உட்கார்ந்து முடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய சங்கடம்.

முதல் மின்னஞ்சலில் உங்கள் முழு வரலாறு வேண்டாம். அவர்களுடைய எந்த ஆய்வு உங்களை இழுத்தது, நீங்கள் கொண்டுவரும் முறை அல்லது தரவு என்ன, இரண்டையும் சேர்த்தால் என்ன செய்யலாம், எந்த ஆண்டின் அழைப்பு என்ற நான்கு செய்திகள் பத்து வரிக்குள் அடங்கினால் போதும்.

ஆய்வுத்திட்டம் 10 பக்கத்துக்குள் இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதி ஆய்வின் சிறப்புக்கும், 30 விழுக்காடு அதன் தாக்கத்துக்கும், 20 விழுக்காடு நடைமுறைத் திட்டத்துக்கும் போகிறது. நம்மவர்கள் சிறப்புப் பகுதியை நன்றாக எழுதிவிட்டு மற்ற இரண்டையும் ஒப்புக்கு நிரப்புகிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, சிறப்புப் பகுதிக்குள்ளேயே வரும் ஒரு கேள்வியில் நேர்கிறது: ஏற்கும் நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் என்ன கற்பார், ஆய்வாளரிடமிருந்து நிறுவனம் என்ன கற்கும்? முதல் பாதிக்கு ஒரு பக்கம் எழுதுவார்கள். இரண்டாம் பாதிக்கு இரண்டு வரி, அதுவும் கடின உழைப்பைப் பற்றி இருக்கும். பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டதன் விளைவாக இருக்கலாம். மதிப்பீட்டாளருக்கு அந்த அடக்கம் புரியாது. கொடுக்க ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள்வார். சதாசிவ நகரின் ராமன் ஆய்வுக் கழகத்தில் வானொலி வானியல் கற்றவர், பேரண்டத்தின் முதல் விண்மீன்களின் தடயத்தைத் தேட சாரஸ் 3 கருவியைக் கர்நாடகத்தின் ஏரிகளில் மிதக்கவிட்ட குழுவின் அனுபவத்தைச் சொல்லலாம். அதன் முடிவுகள் 2022இல் வெளிவந்தபோது உலகம் கவனித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கள ஆய்வு செய்தவர், குறைந்த செலவில் ஆண்டுக்கணக்கில் கருவிகளை மழையில் இயங்க வைத்த திறமையைச் சொல்லலாம். இவையெல்லாம் ஐரோப்பிய ஆய்வகம் காசு கொடுத்து வாங்க முடியாதவை.

தாக்கப் பகுதியில் நல்கைக்குப் பிந்தைய உங்கள் பாதையை எழுத வேண்டியிருக்கும். இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். இரண்டு கண்டங்களுக்கும் இடையே ஒத்துழைப்பு எப்படித் தொடரும் என்பதைக் குறிப்பாகச் சொன்னால், அது குறையாகப் பார்க்கப்படாது. மேரி கியூரி திட்டத்தின் நாட்டுத் தொடர்பு அலுவலர்களின் வலைப்பின்னலான எம்.எஸ்.சி.ஏ.-நெட் ஆண்டுதோறும் வெளியிடும் கையேடு ஒவ்வொரு பகுதியிலும் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று வரிவரியாக விளக்குகிறது. அதைப் படிக்காமல் எழுத உட்காராதீர்கள்.

முதல் முறை கிடைக்காவிட்டால் மதிப்பீட்டு அறிக்கையை வைத்துத் திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் 2025 வரையான விதிப்படி 70க்குக் கீழே மதிப்பெண் பெற்றவர், அடுத்த ஆண்டே அதே நிறுவனத்துடன் விண்ணப்பிக்க முடியாது. அரைகுறை வரைவை முயற்சி செய்து பார்க்கலாமே என்று அனுப்புவதற்கு இது ஒரு விலை.

கையில் வரும் பணம்

2025 அழைப்பில் முதுமுனைவர் நல்கையின் வாழ்க்கைப்படி மாதம் 5,990 யூரோ, இடப்பெயர்வுப்படி 710, குடும்பம் இருந்தால் மேலும் 660. இந்த எண்ணை ரூபாயாக்கி வீட்டில் சொல்லிவிடாதீர்கள். முதலில், அந்தந்த நாட்டின் வாழ்க்கைச் செலவுக்கேற்ற திருத்தக் குணகத்தால் அது பெருக்கப்படும். பெல்ஜியம் 100 என்றால் டென்மார்க்கும் அயர்லாந்தும் அதற்கு மேலே, பல்கேரியாவும் ருமேனியாவும் வெகுவாகக் கீழே. அடுத்து, நிறுவனம் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்கும் அந்தத் தொகைக்குள்ளிருந்தே போகும். அதன் பிறகு உங்கள் பங்கு, வருமான வரி. நிகரச் சம்பளம் எவ்வளவு என்று நிறுவனத்தின் பணியாளர் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கே அப்படிக் கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

பிடித்தம் அதிகமாக இருப்பதற்கு ஒரு பயன் உண்டு. மேரி கியூரி நல்கையாளருக்குப் பணி ஒப்பந்தமும் ஓய்வூதியம் உள்ளிட்ட சமூகப் பாதுகாப்பும் உண்டு. ஹும்போல்ட் போன்ற உதவித்தொகைகள் பிடித்தமின்றி வரும். ஓய்வூதியக் கணக்கும் சேராது.

சான்றிதழ்களும் விசாவும்

முடிவு வரும் வரை காத்திராமல் சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஒரு நாட்டின் சான்றிதழை ஒரே முத்திரையோடு பிற நாடுகள் ஏற்க வகைசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரைக்கு முன், பட்டம் வழங்கிய மாநிலத்தின் சான்றொப்பம் தேவைப்படலாம். பெங்களூரில் வசிக்கும் தமிழர்களுக்கு இதில்தான் அலைச்சல்: இளநிலைப் பட்டம் மதுரையிலோ கோவையிலோ பெற்றிருந்தால், அதற்குக் கர்நாடக அரசு சான்றொப்பம் தராது, சென்னை வழியாகத்தான் போக வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அசல் சான்றிதழ்களையும் கையோடு கொண்டுபோய் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஜெர்மனி மட்டும் இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. அங்கே உங்கள் பல்கலைக்கழகம், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட ஜெர்மனி பயன்படுத்தும் அனாபின் தரவுத்தளத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் பெங்களூரிலேயே துணைத் தூதரகங்கள் உண்டு. விரிவாக்க நாடுகள் பலவற்றுக்குத் தூதரகம் தில்லியில்தான் இருக்கிறது, போலந்துக்கு மும்பையிலும் துணைத் தூதரகம் உண்டு. எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுக்கலாம், நேரில் போக வேண்டுமா என்பதை அந்தந்தத் தூதரகத்திடம் உறுதிசெய்துகொண்டு, நேரத்தை முன்பே பதிவு செய்யுங்கள்.

ஆய்வாளருக்கான விசாவின் அடிப்படை, நிறுவனம் தரும் ஏற்பு ஒப்பந்தம். இதை 2016இன் 801ஆம் எண் ஐரோப்பிய நெறிமுறை ஆள்கிறது; டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் இல்லை, தனி விதி வைத்திருக்கின்றன. முழுமையான விண்ணப்பத்துக்கு 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனம் என்றால் 60 நாட்கள். துணைவரும் பிள்ளைகளும் உடன் வரலாம், துணைவர் வேலை செய்யவும் உரிமை உண்டு.

உயிரியல் மாதிரிகளை எடுத்துச் செல்ல நினைப்பவர்கள், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

அங்கே இருக்கும்போது

அதே 2016 நெறிமுறையின் இரண்டு உரிமைகள் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. ஒரு நாடு தந்த ஆய்வாளர் அனுமதியை வைத்துக்கொண்டு, நெறிமுறையில் உள்ள வேறொரு நாட்டில், எந்த 360 நாளிலும் 180 நாள் வரை ஆய்வு செய்யலாம், முன்னறிவிப்புத் தேவைப்படலாம். கொய்ம்ப்ராவில் இருப்பவர் சில மாதங்கள் பாரிஸில் வேலை செய்ய மீண்டும் முதலிலிருந்து விசா எடுக்க வேண்டியதில்லை. விரிவாக்க நாட்டைத் தேர்ந்தெடுத்தால் பெரிய மையங்களிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடுவோமோ என்ற பயத்துக்கு இதுவே பதில். மற்றொன்று, ஆய்வு முடிந்த பிறகு வேலை தேடவோ தொழில் தொடங்கவோ குறைந்தது 9 மாதம் அங்கே தங்கும் உரிமை.

ஓய்வூதியக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றிய நாடுகளில் கட்டிய காலங்களைத் தகுதிக்காகக் கூட்டிக்கொள்ளும் உரிமை, 2010ஆம் ஆண்டின் விதியொன்றால் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கும் கிடைத்தது. டென்மார்க் மட்டும் விலக்கு. ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, போர்ச்சுகல், செக் குடியரசு உள்ளிட்ட நாடுகளுடன் இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையும் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டை விட்டுக் கிளம்பும்போதும் காப்பீட்டு எண்ணையும் பங்களிப்புச் சான்றையும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். முப்பது ஆண்டு கழித்து மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது எளிதல்ல.

திரும்பும் வழி

நல்கையின் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே இந்திய விண்ணப்பங்களும் தொடங்க வேண்டும். ராமானுஜன் நல்கை, 2023ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் இப்போது வருகிறது, 5 ஆண்டுகளுக்கானது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி நல்கை வெளிநாட்டிலிருந்து திரும்பும் உயிரியல் துறையினருக்கானது. 2008 முதல் இயங்கும் இந்தியா அலையன்ஸ் நல்கைகள் உயிர்மருத்துவத் துறையில் தனிக் குழு அமைக்கும் அளவுக்குப் பெரியவை. இவற்றில் எதற்கும் உங்களை ஏற்கும் இந்திய நிறுவனம் ஒன்று வேண்டும். அதனால் விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்கு மட்டும் வந்து போகாமல், நீங்கள் வேலை பார்க்க விரும்பும் நிறுவனத்தில் ஒரு கருத்தரங்க உரைக்கு நேரம் கேளுங்கள். பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடாமல் திருச்சி, மதுரை, திருநெல்வேலிப் பல்கலைக்கழகங்களையும் பட்டியலில் சேர்க்கலாம். ஐரோப்பா தன் கிழக்கைப் பற்றிப் படும் கவலை நமக்கு நம் மாவட்டங்களைப் பற்றி இருக்க நியாயம் உண்டு.

நிரந்தரமாகத் திரும்ப முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைபவ் நல்கை, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளி ஆய்வாளர் ஆண்டுக்கு ஓரிரு மாதம் வீதம் 3 ஆண்டு வரை இந்திய நிறுவனம் ஒன்றில் பணியாற்ற உதவுகிறது. மேரி கியூரி ஊழியர் பரிமாற்றத் திட்டத்தில் இந்திய நிறுவனம் பங்காளியாகச் சேரலாம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1 முதல் 12 மாதம் வரை இங்கே வந்து வேலை செய்ய நிதி கிடைக்கும், ஆனால் இங்கிருந்து போகிறவர்களின் செலவை இந்திய நிறுவனம்தான் ஏற்க வேண்டும். ஐரோப்பாவில் இருக்கும் தமிழ் ஆய்வாளர் ஒருவர் இப்படியொரு கூட்டணியில் தாம் படித்த கல்லூரியைச் சேர்க்க முயன்றால், கூட்டணியை அமைக்கும் நிறுவனத்தின் நல்கை அலுவலகத்தோடு கல்லூரியின் கணக்குப் பிரிவை முதல் மாதத்திலேயே பேச வைத்துவிட வேண்டும். பயணச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில்தான் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றன.